மூன்று விமானத்தளங்களுக்கு நடுவே ஒரு படிப்பு மேசை

ஜீடிமெட்லா தொழிற்பேட்டையின் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் காலை ஏழு மணிக்கு ஏறி நின்றால் ஐதராபாத்தின் வானம் மூன்றாகப் பிரிந்து கிடப்பது தெரியும். தெற்கே ஆறேழு கிலோமீட்டரில் பேகம்பேட்டை விமான நிலையம். கிழக்கே, கொஞ்சம் வடக்கு ஒட்டி, ஹக்கிம்பேட்டை விமானப்படைத் தளம். வடமேற்கே துண்டிகல் விமானப்படை அகாடமி. நேர்கோட்டில் அளந்தால் மூன்றுமே 15 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தனியார் விமானி உரிமத்துக்கான எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல இடம் அமைவது கடினம். பாடப்புத்தகத்தில் இருக்கும் பாதி விஷயம் அவர் தலைக்கு மேலேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் படிக்கிறவர்களில் பலர் தலையை நிமிர்த்துவதே இல்லை. அறைக்குள் உட்கார்ந்து கொஸ்டின் பேங்கை மனப்பாடம் செய்கிறார்கள். ஆயிரம் கேள்விக்கு விடை தெரியும். எண் ஒன்று மாறிவிட்டால் கை நின்றுவிடும். இந்த அத்தியாயம் அந்தப் பழக்கத்துக்கு எதிராகவே எழுதப்படுகிறது. தேர்வில் கேட்கப்படுவதை வானத்தோடும் ஊரோடும் பொருத்திப் படித்தால் மதிப்பெண்ணும் வரும், பின்னாளில் தனியாக விமானத்தில் உட்காரும்போது அந்த அறிவு கூடவும் வரும்.

முதலில் பேகம்பேட்டையைப் பற்றிக் கொஞ்சம். நிஜாம் ஆட்சியில், 1930களில் உருவான நிலையம் அது. 1945இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் இங்கிருந்துதான் பறந்தது. இந்தியாவின் முதல் பெண் வணிக விமானி பிரேம் மாத்தூருக்குப் பல நிறுவனங்கள் கதவை அடைத்தபோது வேலை கொடுத்தது இந்த டெக்கான் ஏர்வேஸ். 2008 மார்ச்சில் ஷம்ஷாபாத் நிலையம் திறந்ததும் பயணிகள் விமானங்கள் அங்கே போய்விட்டன. ஆனாலும் பேகம்பேட்டை மூடப்படவில்லை. தனி விமானங்களும் முக்கியப் பிரமுகர்களின் விமானங்களும் இன்றும் அங்கே இறங்குகின்றன. அங்கேயும், நகரின் தெற்கே நாதர்குல்லிலும் பல தலைமுறை மாணவர்கள் விமானம் ஓட்டக் கற்றிருக்கிறார்கள்.

இனி தேர்வு. பிபிஎல் என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் தனியார் விமானி உரிமத்துக்கு வயது 17 நிரம்பியிருக்க வேண்டும். படிப்பு பத்தாம் வகுப்பு போதும். இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி தேவை. அதற்கு முந்தைய படியான எஸ்பிஎல், அதாவது மாணவ விமானி உரிமத்தை, 16 வயதிலேயே வாங்கலாம். மொத்தம் 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் தனியாக. இந்த உரிமத்தை வைத்துக்கொண்டு சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முடியாது. விமானியாக வேலைக்குப் போக நினைப்பவர்களில் பலர் இந்தப் படியைத் தாண்டி நேராக 200 மணி நேரம் கேட்கும் வணிக விமானி உரிமமான சிபிஎல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிபிஎல் பாடத்தை ஒழுங்காகப் படித்தவருக்கு சிபிஎல் தாள்கள் புதிதாகத் தெரியாது என்பதால், அவசரப்படாமல் இங்கே தொடங்குவது நல்லது.

எழுத்துத் தேர்வை நடத்துவது இந்தியாவின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ. விமானச் சட்ட விதிகள், வழிச்செலுத்தல், வானிலை, விமானமும் இயந்திரமும் ஆகியவைதான் பாடங்கள். மாணவர்கள் பேச்சில் இவை ரெகுலேஷன்ஸ், நேவ், மெட், டெக்னிக்கல். பாடங்கள் கலந்து வருவதால்தான் ‘காம்போசிட்’ என்ற பெயர் நிலைத்தது. தேறுவதற்கு 70 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. அமெரிக்காவிலும் இதே நிலை எழுத்துத் தேர்வில் 60 கேள்விகள், தேற 70 சதவீதம். நாடு மாறினாலும் காற்றும் இறக்கையும் ஒன்றுதான் என்பதால் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் இலவசமாக வெளியிடும் விமானிகளுக்கான அறிவுக் கையேட்டை இந்திய மாணவர்களும் தயங்காமல் பயன்படுத்தலாம். சட்டப் பாடத்துக்கு மட்டும் இந்திய நூல்தான் வேண்டும். ஆர்.கே. பாலியின் சட்ட நூலும் ஐ.சி. ஜோஷியின் வானிலை நூலும் பல ஆண்டுகளாக மாணவர் மேசைகளில் இருப்பவை. எதை வாங்கினாலும் புதிய பதிப்பாக வாங்க வேண்டும். 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பதிப்பு சட்டப் பாடத்தில் மட்டும் மிச்சமாகாது.

படிப்புக்கு முன்பே முடிக்க வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. தேர்வு எழுத டிஜிசிஏ தரும் கம்ப்யூட்டர் நம்பர் வேண்டும். அதற்குச் சான்றிதழ்களைப் பதிவேற்ற வேண்டும். கல்விச் சான்றிதழ் உண்மையானது என்று தேர்வு வாரியத்திடமிருந்து சரிபார்ப்பும் தேவைப்படும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். காரணம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். குமார்’ என்று இருக்கும். ஆதாரில் ‘குமார் எஸ்’. பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரிந்து ‘குமார் சுப்பிரமணியன்’. மூன்றும் ஒரே ஆள்தான் என்பது தமிழருக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. மருத்துவச் சான்று, வானொலி உரிமம், கடைசியில் விமானி உரிமம் வரை எல்லாவற்றிலும் இந்தப் பெயர்தான் தொடர்ந்து வரும். ஆகவே முதல் கிரவுண்ட் கிளாஸுக்குப் போகும் முன்பே எல்லா ஆவணத்திலும் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பாடத்தைக் கரைத்துக் குடித்த பிறகு ஓர் எழுத்துக்காகத் தேர்வுச் சுற்றைத் தவறவிடுவது அதைவிடக் கொடுமை.

விதிகளில் தொடங்கலாம். இந்தப் பாடத்தைத்தான் எல்லோரும் மனப்பாடப் பாடம் என்கிறார்கள். பாதிதான் உண்மை. ஒன்றையொன்று குறுக்கே நெருங்கும் இரண்டு விமானங்களில், தன் வலப்பக்கத்தில் இன்னொன்றைக் காண்பவர் வழிவிட வேண்டும். இதை உருப்போடத் தேவையே இல்லை. விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இரவில் வலப்பக்கத்திலிருந்து ஒரு விமானம் குறுக்கே வந்தால் நமக்குத் தெரிவது அதன் இடது இறக்கை, அதாவது சிவப்பு விளக்கு. சிவப்பைக் கண்டவர் வழிவிடுகிறார். அந்த விமானிக்குத் தெரிவதோ நமது வலது இறக்கையின் பச்சை, அவர் போகிறார். பாலாநகர் சிக்னலில் நடப்பதுதான் வானத்திலும் நடக்கிறது. எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முந்துகிறவரும் வலப்பக்கமாகத்தான் முந்த வேண்டும். நம் ஊர்ச் சாலைப் பழக்கத்தில் கை இடப்பக்கம் போகும் என்பதால் இந்த ஒன்றை மட்டும் தனியாக எழுதி ஒட்டிவைக்கலாம்.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் விளக்குச் சைகைகளும் அப்படியே. வானொலி பழுதாகிவிட்ட விமானத்துக்குக் கோபுரத்திலிருந்து ஒளி காட்டுவார்கள். பறக்கும் விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் இறங்கலாம். விட்டுவிட்டு எரியும் பச்சை என்றால் இறங்குவதற்காகத் திரும்பி வா. நிலையான சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு. விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதே. தரையில் நிற்கும் விமானத்துக்கு நிலையான பச்சை என்றால் மேலெழலாம்; விட்டுவிட்டு எரிந்தால் ஓடுபாதையை நோக்கி நகர மட்டும் அனுமதி. நிலையான பச்சை முழு அனுமதியைச் சொல்கிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் பச்சை வரிசை குழம்பாது. இரண்டு நண்பர்கள் சேர்ந்து கைபேசி டார்ச்சில் நிறக் காகிதம் ஒட்டி மாடியில் ஒரு மணி நேரம் பழகினால் வாழ்நாள் முழுக்க மறக்காது.

கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிகளுக்கு மூன்று எண்களை நினைவில் வைக்க வேண்டும்: 10,000 அடிக்குக் கீழே குறைந்தது 5 கிலோமீட்டர் பார்வைத் தெளிவு, மேகத்திலிருந்து கிடைமட்டமாக 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. ஜீடிமெட்லாவில் இதற்கு ஒரு பயிற்சி உண்டு. தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, உயரமான அடுக்குமாடி என்று தூரம் தெரிந்த அடையாளங்களை வரைபடத்தில் அளந்து குறித்துக்கொண்டு, தினமும் காலையில் எது வரை தெரிகிறது என்று பார்த்து எழுத வேண்டும். டிசம்பர் மாத விடியலில் மூடுபனியும் ஆலைப் புகையும் சேரும்போது 5 கிலோமீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று புரியும்.

ஓடுபாதை எண்ணிலும் மதிப்பெண் இருக்கிறது. பேகம்பேட்டையின் ஓடுபாதை 09-27. எண்ணைப் பத்தால் பெருக்கினால் காந்தத் திசை. ஆக அது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து காற்று வீசும்போது 27ஐப் பயன்படுத்துவார்கள். குளிர்காலத்தில் காற்று கிழக்குக்குத் திரும்பினால் 09. இதை ஒருமுறை மாடியிலிருந்து பார்த்தவருக்கு, காற்றின் திசை கொடுத்து ஓடுபாதையைக் கேட்கும் கேள்வி கேள்வியே அல்ல.

மாணவர்கள் அதிகம் பயப்படும் பாடம் வழிச்செலுத்தல். பயத்துக்குக் காரணம் கணக்கு என்பார்கள். உண்மையில் இதற்குத் தேவைப்படுவது எட்டாம் வகுப்புக் கணக்குதான். பேகம்பேட்டையிலிருந்து வாரங்கல் அருகே மாமுனூரில் உள்ள பழைய நிஜாம் காலத்து விமானத்தளத்துக்கு ஒரு காகிதப் பயணம் போய்ப் பார்க்கலாம். வரைபடத்தில் கோடு போட்டால் தூரம் சுமார் 70 கடல் மைல், திசை சுமார் 067 பாகை. செஸ்னா 152 மாதிரியான சிறிய பயிற்சி விமானம் 90 நாட், அதாவது மணிக்கு 90 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், காற்றே இல்லாத நாளில் 47 நிமிடம் ஆகும்.

இப்போது எதிரே 15 நாட் காற்று. தரைமேல் வேகம் 75 நாட்டாகக் குறைகிறது. 56 நிமிடம் ஆகிறது. திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. 105 நாட், 40 நிமிடம். போகும்போது இழந்த நேரம் வரும்போது கிடைத்துவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். கிடைப்பதில்லை. காற்றில்லாத நாளில் போய்வர 93 நிமிடம். காற்றுள்ள நாளில் 96. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதன் பிடியில் அதிக நேரம் இருக்க நேர்கிறது. அதுதான் காரணம். மூன்று நிமிடம் சின்ன விஷயமாகத் தெரியலாம். தூரம் கூடி, காற்று 30 நாட் ஆகும்போது அந்த வித்தியாசம் எரிபொருளாக மாறும். இந்தக் கணக்கை ஒருமுறை தன் கையால் போட்டவர் தேர்வில் அந்தப் பொறியில் விழமாட்டார்.

அதே பயணத்தில் அடுத்த கேள்வி. 30 மைல் போனபிறகு, கோட்டிலிருந்து 3 மைல் விலகிவிட்டது தெரிகிறது. எத்தனை பாகை திரும்பினால் நேராக மாமுனூர் போகலாம்? அறுபதுக்கு ஒன்று என்ற விதி போதும்: 60 மைலில் ஒரு மைல் விலகினால் ஒரு பாகை. 30 மைலில் 3 என்றால் 6 பாகை. மீதி 40 மைல். 3 மைலை 40ஆல் வகுத்து 60ஆல் பெருக்கினால் 4.5. இரண்டையும் கூட்டினால் 10.5 பாகை. பலர் 6 பாகை மட்டும் திருப்பி நிறுத்திவிடுகிறார்கள். அப்படித் திருப்பினால் விமானம் கோட்டுக்கு இணையாகத்தான் போகும், ஊர் போய்ச் சேராது. விடைத்தாளில் அந்த 6ம் ஒரு விடையாகக் காத்திருக்கும்.

எந்த உயரத்தில் பறப்பது? காந்தத் திசை 000 முதல் 179 வரை என்றால் ஒற்றைப்படை ஆயிரங்கள், 180 முதல் 359 வரை இரட்டைப்படை. கண்பார்வை விதியில் பறப்பவர் அதோடு 500 அடி சேர்த்துக்கொள்ள வேண்டும். வாரங்கலுக்குப் போகும்போது 5,500 அடி, திரும்பும்போது 4,500 அல்லது 6,500. எதிரெதிரே வருகிறவர்கள் ஒரே உயரத்தில் சந்திக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு இது.

நேரக் கணக்கில் நல்ல மாணவர்களும் சறுக்குவது உண்டு. விமானத் துறை முழுவதும் உலகப் பொது நேரத்தில் இயங்குகிறது. நமது நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னே. ஐதராபாத்தில் 14ஆம் தேதி காலை 5 மணி என்றால் பொது நேரத்தில் அது 13ஆம் தேதி இரவு 11.30. தேதியும் சேர்ந்து மாறுகிறது. வானிலை அறிக்கையிலிருக்கும் நேரத்தை இந்திய நேரம் என்று படித்துவிட்டால் ஐந்தரை மணி நேரம் பிசகிய வானத்தை நம்பிப் புறப்பட நேரிடும். தயாராகும் மாதங்களில் கைக்கடிகாரத்தைப் பொது நேரத்துக்கு வைத்துவிடுவது சிலருடைய பழக்கம். ஒரு வாரம் குழப்பும், பிறகு கணக்குப் போடாமலே வரும்.

வானிலை அறிக்கையில் நிலையத்தின் நான்கெழுத்துக் குறியீடும் வரும். பேகம்பேட்டை ‘விஓஎச்ஒய்’, ஷம்ஷாபாத் ‘விஓஎச்எஸ்’, சென்னை ‘விஓஎம்எம்’. மூன்றும் ‘விஓ’ என்றே தொடங்குகின்றன. ஐதராபாத் வானம் சென்னை விமானத் தகவல் பகுதிக்குள்தான் வருகிறது. மும்பைப் பகுதி ‘விஏ’, கொல்கத்தா ‘விஇ’, தில்லி ‘விஐ’. குறியீட்டைப் பார்த்ததும் ஊர் நாட்டின் எந்த மூலையில் என்று சொல்லிவிடலாம்.

வானிலைப் பாடத்துக்கு ஜீடிமெட்லாவிடமே ஒரு பாடம் இருக்கிறது. 2020 அக்டோபர் 13 அன்று வங்கக் கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் காக்கிநாடா அருகே கரையைக் கடந்து தெலங்கானாவுக்குள் வந்தது. ஐதராபாத் வெள்ளக்காடானது. ஜீடிமெட்லாவை ஒட்டிய ஃபாக்ஸ் சாகர் ஏரி நிரம்பி, அதன் கரையோரக் குடியிருப்புகள் நாள்கணக்கில் நீரில் நின்றன. அன்று அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது மறக்க முடியாத துயரம். வானிலை படிக்கிறவர் அந்த நாளை வரைபடத்தில் வைத்துப் பார்ப்பது, அத்தகைய நாளில் தான் வானத்தில் இல்லாமலிருக்கக் கற்றுக்கொள்வதற்காக.

வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம் இருக்கும். மண்டலம் காக்கிநாடாவில், அதாவது ஐதராபாத்துக்குக் கிழக்கே இருக்கும்போது, ஜீடிமெட்லாவில் காற்று வடக்கிலிருந்து வர வேண்டும். வடக்குக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கை கிழக்கைத்தான் காட்டுகிறது. சரியாக இருக்கிறது. இப்போது ஒரு விமானம் இங்கிருந்து கிழக்கே அந்த மண்டலத்தை நோக்கிப் போகிறது என்றால், வடக்குக் காற்று அதை வலப்பக்கம் தள்ளும். ஆகவே வட அரைக்கோளத்தில் வலப்பக்கம் தள்ளப்பட்டால் தாழ்வழுத்தத்தை நோக்கிப் போகிறோம் என்று பொருள். அப்போது உயரமானி உண்மையான உயரத்தைவிட அதிகமாகக் காட்டும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி. அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தும் கருவியைத் திருத்தாவிட்டால் விமானி தான் நினைப்பதைவிட 300 அடி தாழ்வாகப் பறந்துகொண்டிருப்பார். மலைப்பகுதியில் 300 அடி என்பது உயிர். காற்று, தள்ளல், உயரமானி என்று புத்தகத்தில் மூன்று இடங்களில் சிதறிக் கிடப்பது ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது.

மேகத்தின் அடித்தள உயரத்தையும் வீட்டிலேயே கணிக்கலாம். வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 400ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் அடி தோராயமாகத் தரையிலிருந்து எத்தனை அடி என்று வரும். பிற்பகல் வெப்பம் 34, பனிநிலை 22 என்றால் 4,800 அடி.

இயந்திரப் பாடத்துக்கு வரும்போது தொழிற்பேட்டையில் வாழ்வதன் பலன் தெரியும். பயிற்சி விமானங்களின் நான்கு சிலிண்டர் இயந்திரமும் மோட்டார் சைக்கிள் இயந்திரமும் நெருங்கிய உறவினர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபிறகு புதிய இருசக்கர வாகனங்களிலிருந்து கார்புரேட்டர் மறைந்துகொண்டே போகிறது. ஆனால் மெக்கானிக் கடைகளில் பழைய வண்டிகள் இன்னும் வருகின்றன. ஒரு கார்புரேட்டரைக் கழற்றி அதன் குறுகிய கழுத்தைப் பார்த்துவிட்டால், காற்று அங்கே வேகம் பிடித்து அழுத்தம் குறைவதும், பெட்ரோல் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சுவதும் கண்ணுக்குத் தெரியும். உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கும் மேல் சரியக்கூடும். அதனால்தான் வெளியே 25 பாகை வெயிலடிக்கும் ஈரமான நாளிலும் கார்புரேட்டரில் பனி படியும். ‘ஐதராபாத்தில் ஏது பனி’ என்று நினைப்பவர் அந்தக் கேள்வியில் தவறுகிறார். இறக்கைக் கோணம் மாறாத சுழலி கொண்ட விமானத்தில் அதன் முதல் அடையாளம், சுழற்சி வேகம் சொல்லாமல் கொள்ளாமல் குறைவது.

வெயிலின் இன்னொரு வேலையும் இருக்கிறது. பேகம்பேட்டை கடல்மட்டத்திலிருந்து 1,742 அடி உயரத்தில் இருக்கிறது. பன்னாட்டுத் தர வளிமண்டலத்தில் கடல்மட்டம் 15 பாகை, ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 2 பாகை குறையும். அந்தக் கணக்கில் பேகம்பேட்டையில் 11.5 பாகை இருக்க வேண்டும். மே மாதப் பிற்பகலில் இருப்பதோ 42. வித்தியாசம் 30.5. பாகைக்கு 120 அடி வீதம் கூட்டினால் 3,660. அழுத்தம் தரநிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும் அடர்த்தி உயரம் சுமார் 5,400 அடி. அதாவது ஓடுபாதையில் நிற்கும் விமானத்துக்கு, தான் ஏற்காட்டைவிட உயரமான இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். இறக்கைக்குக் கிடைக்கும் காற்று மெலிந்திருக்கிறது, இயந்திரத்துக்கும் அப்படியே. மேலெழ அதிக ஓட்டம் வேண்டும், ஏற்றமும் மந்தமாக இருக்கும். கோடையில் பயிற்சிப் பறப்பை விடியற்காலையில் வைப்பது ஏன் என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

எழுத்துத் தேர்வோடு சேர்த்தே வானொலி உரிமத்துக்கும் தயாராக வேண்டும். ஆர்டிஆர் என்ற இந்தத் தேர்வை நெடுங்காலம் தொலைத்தொடர்புத் துறையின் கீழிருந்த பிரிவு நடத்தியது. புதிய சட்டத்துக்குப் பிறகு பொறுப்பு டிஜிசிஏவிடம் வந்திருக்கிறது. இதைச் சடங்காக நினைப்பவர்கள் 1996 நவம்பர் 12ஐ நினைவில் கொள்ள வேண்டும். ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானத்தில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டும் என்பது கட்டளை. அது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. உயரத்தைக் கேட்பதும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும், சொன்னபடி நிற்பதும் எதற்காக என்று அந்த விபத்து சொல்லும். தமிழ்வழியில் படித்தவர்கள் ஆங்கிலத்தை எண்ணித் தயங்க வேண்டாம். வானொலி மொழி சில நூறு சொற்களுக்குள் அடங்கியது. மெதுவாக, தெளிவாக, வரிசை மாறாமல் சொன்னால் போதும். தினமும் 15 நிமிடம் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும், மனத்துக்குள் அல்ல.

வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவருக்கு மூன்று மாதம் நியாயமான காலம். முதல் இரண்டு மாதத்தில் கொஸ்டின் பேங்கைத் தொடவே கூடாது. பாடம், வரைபடம், கையால் சுற்றும் வழிச்செலுத்தல் கணிப்பான் ஆகியவைதான் அப்போது துணை. மூன்றாம் மாதத்தில் கேள்விகளுக்கு வரலாம். அப்போதும் சரியான விடையைக் குறித்துவிட்டு நகராமல், மற்ற விடைகள் ஒவ்வொன்றும் எந்தத் தவற்றிலிருந்து பிறந்தவை என்று எழுத வேண்டும். மேலே பார்த்த 6 பாகைபோல, தவறான விடைகள் எல்லாமே யாரோ ஒருவர் பாதியில் நிறுத்திய கணக்குகள். தவறு செய்த கேள்விகளுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடைசி வாரத்தில் படிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

தேர்வறையில் கணக்குக் கேள்விகளை முதல் சுற்றில் தள்ளிவைத்துவிட்டு, பார்த்ததும் விடை தெரிகிற விதிகளையும் வானிலையையும் முடிப்பது நல்லது. மதிப்பெண் கழிக்காத தேர்வு என்பதால் எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. விடையைக் குறிக்கும் முன் அலகைப் பார்க்க வேண்டும்: கடல் மைலா கிலோமீட்டரா, உண்மைத் திசையா காந்தத் திசையா, பொது நேரமா இந்திய நேரமா. சோர்வில் தவறுவது பெரும்பாலும் இங்கேதான்.

முடிவு வந்த பிறகும் அந்த வாரங்கல் வரைபடத்தை மடித்துவைக்க முடியாது. உரிமத்துக்கு முன் தனியாக 5 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பயணமாவது 150 கடல் மைலுக்குக் குறையக்கூடாது, வழியில் இரண்டு வெவ்வேறு இடங்களில் இறங்கி நின்றிருக்க வேண்டும். பேகம்பேட்டையிலிருந்து மாமுனூர் போய்த் திரும்பினால் 140 மைல்தான் வருகிறது. பத்து மைல் போதவில்லை, இறங்குமிடமும் ஒன்று குறைகிறது. ஜீடிமெட்லா மேசையில் வரைபடத்தை மறுபடி விரித்து, பென்சிலைச் சீவிக்கொண்டு, மூன்றாவது ஊரைத் தேட வேண்டும்.